அத்தியாயம் 5: என் மதிப்பெண்ணுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்குமா?

நீட் தேர்வு முடிந்த மறுநாளே இந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. "ஆன்சர் கீ போட்டுப் பார்த்தேன் சார், 530 வருது. கிடைக்குமா?" கேட்கிற பிள்ளையின் குரலில் இருக்கும் தவிப்பைப் பார்த்து, "கிடைச்சிடும்மா" என்று உடனே சொல்லத் தோன்றும். சொல்லிவிடாதீர்கள். "கிடைக்காது" என்றும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையுமே சொல்ல முடியாது. எந்த ஆண்டின் 530, எந்தப் பிரிவு, ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளி, கையில் என்னென்ன சான்றிதழ் இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்த பிறகுதான் அந்த எண் வாய் திறக்கும்.

தமிழ்நாட்டில் படித்து, தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர விரும்பும் மாணவர் தன் வாய்ப்பைத் தானே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்வது எப்படி என்பதே இந்த அத்தியாயம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

மதிப்பெண்ணை விட்டு ரேங்கைப் பிடியுங்கள்

2024 நீட் தேர்வில் 650-க்கு மேல் வாங்கியவர்கள் நாடு முழுவதும் 30 ஆயிரத்துக்கும் அதிகம். அடுத்த ஆண்டு, 2025-இல், அதே 650-ஐத் தாண்டியவர்கள் 73 பேர். முந்தைய ஆண்டில் 720-க்கு 720 வாங்கியவர்களே 17 பேர் இருந்தார்கள். 2025-இல் நாட்டிலேயே முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. பிள்ளைகளின் அறிவு ஓர் ஆண்டில் இப்படிக் குறைந்துவிடவில்லை. 2025 வினாத்தாள் கடினம், குறிப்பாக இயற்பியல் பலரைத் திணற வைத்தது. விருப்பத் தேர்வுக் கேள்விகளும் அந்த ஆண்டு நீக்கப்பட்டு, 180 கேள்விகள், 180 நிமிடம் என்ற பழைய முறைக்கே தேர்வு திரும்பியது.

இப்போது நினைத்துப் பாருங்கள். 2024 கட்-ஆஃப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 2025-இல் 560 வாங்கிய மாணவி ஒருத்தி "எனக்கு அரசுக் கல்லூரி கிடையாது" என்று அழுதிருந்தால், அந்த அழுகை முழுக்க வீண். அவள் மதிப்பெண் முந்தைய ஆண்டில் கூட்டத்துக்குள் காணாமல் போயிருக்கும். அவள் எழுதிய ஆண்டிலோ அது மிக நல்ல ரேங்க். இதே தவறு எதிர்த்திசையிலும் நடக்கும். கடினமான ஆண்டின் கட்-ஆஃபைப் பார்த்துவிட்டு எளிதான ஆண்டில் எழுதியவர் "நிச்சயம் கிடைக்கும்" என்று நம்பி, மாற்று வழி எதற்கும் விண்ணப்பிக்காமல் இருந்துவிடுவார். அதுதான் இன்னும் ஆபத்து.

அதனால் முதல் விதி: மதிப்பெண்ணை ஓர் ஆண்டிலிருந்து இன்னோர் ஆண்டுக்குத் தூக்கிச் செல்லக் கூடாது. ரேங்கைத் தூக்கிச் செல்லலாம். இடங்களின் எண்ணிக்கை ஓர் ஆண்டில் பெரிதாக மாறிவிடாது என்பதால், வரிசையில் எத்தனையாவது ஆள் வரை இடம் போயிற்று என்பது ஆண்டுக்கு ஆண்டு ஓரளவு நிலையாக இருக்கும்.

ஓரளவு என்றுதான் சொல்கிறேன். 2024 வினாத்தாளில் அணுவைப் பற்றிய ஓர் இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடைகளை ஏற்றிருந்தார்கள்; பழைய என்.சி.இ.ஆர்.டி. பாடநூலில் இருந்த வரி ஒரு விடைக்கு ஆதரவாக இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்களின் கருத்து கேட்கப்பட்டு, ஒரே விடைதான் சரி என்று முடிவானது. பழைய விடையைக் குறித்திருந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்து மதிப்பெண் போயிற்று: சரியான விடைக்கான நான்கும், தவறான விடைக்கான ஒன்றும். முதல் முடிவு வந்த அன்று எழுதிவைத்த ரேங்க் ஜூலைக் கடைசியில் பலருக்குப் பொய்த்துப்போனது. ஆகவே தற்காலிக ஆன்சர் கீயை வைத்துப் போடும் கணக்கைப் பென்சிலால் எழுதுங்கள். ஸ்கோர் கார்டு கைக்கு வந்த பிறகு பேனாவால் எழுதலாம்.

'குவாலிஃபைடு' என்றால் சீட் என்று பொருளல்ல

ஸ்கோர் கார்டில் தகுதி பெற்றிருப்பதாக வரும் வரியைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கே இனிப்புக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தச் சொல்லின் தோற்றம் அப்படி. 2025-இல் தேர்வு எழுதிய 22 லட்சம் பேரில் 12 லட்சத்துக்கும் அதிகமானோர் தகுதி பெற்றார்கள். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 1.2 லட்சம். அதில் அரசுக் கல்லூரி இடங்கள் ஏறத்தாழப் பாதி. அந்த ஆண்டு பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144. பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 113. அந்த 144-க்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடையாது. விண்ணப்பிக்க அனுமதி உண்டு, அவ்வளவே. 150, 200 வாங்கிய பிள்ளையின் அப்பாவுக்குத்தான் அதிகமாக ஏஜென்ட் போன் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். 'குவாலிஃபை ஆயிட்டாங்க, சீட் ரெடி' என்ற பேச்சுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெரிய தொகை நிற்கும்.

நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள்?

நாட்டில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்பதை ஸ்கோர் கார்டு சொல்லும். உங்களுக்கு வேண்டியது வேறொன்று: நீங்கள் போட்டியிடும் இடங்களுக்கு உங்களுக்கு முன்னால் எத்தனை பேர்? இதைப் புரிந்துகொள்ள நூறு இடங்கள் உள்ள ஓர் அரசு மருத்துவக் கல்லூரியை மனதில் வைத்துப் பிரித்துப் பார்ப்போம்.

நூறில் 15 இடம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதி 85 தமிழ்நாட்டுக்கு. அதில் 7.5 விழுக்காடு, அதாவது ஆறு இடம், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. மிச்சம் 79. இதைத்தான் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டின்படி பங்கிடுகிறார்கள். பொதுப் போட்டிக்கு 31 விழுக்காடு, சுமார் 24 இடம். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 விழுக்காடு, 21 இடம். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு, மூன்று இடம். மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20 விழுக்காடு, 16 இடம். பட்டியலினத்தவருக்கு 15 விழுக்காடு, 12 இடம். அருந்ததியருக்கு 3 விழுக்காடு, இரண்டு இடம். பழங்குடியினருக்கு ஒரு விழுக்காடு, ஓர் இடம். மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான சிறப்பு ஒதுக்கீடுகள் தனி. உண்மையான பங்கீட்டில் ஓரிரு இடம் முன்பின் ஆகும். ஆனால் மனக்கணக்குக்கு இது போதும்.

இந்தப் பங்கீட்டில் பலர் தவறவிடும் ஒன்று, அந்த 31 விழுக்காடு. அது யாருக்கும் தனியாக எழுதிவைக்கப்பட்டதல்ல. எல்லாப் பிரிவினரும் மதிப்பெண் அடிப்படையில் அதில் வருவார்கள். தமிழ்நாட்டில் அந்த இடங்களில் கணிசமானவற்றைப் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களே எடுக்கிறார்கள். இதனால் உங்களுக்கு என்ன? நீங்கள் பி.சி. பிரிவில் 900-ஆவது ரேங்க் என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்தான்). உங்களுக்கு முன்னால் இருக்கும் 899 பேரும் பி.சி. இடங்களையே எடுத்துவிடுவார்கள் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். அவர்களில் முன்வரிசையில் இருப்பவர்கள் பொதுப் போட்டி இடத்தில் போய்விடுவார்கள். பி.சி. இடங்கள் 700 என்றிருந்தாலும் 900-ஆவது ஆளுக்கு இடம் வரக் காரணம் இதுவே. "எங்க கம்யூனிட்டிக்கு இவ்வளவு சீட்தான், என் ரேங்க் அதைத் தாண்டிருச்சு" என்று கணக்கை அங்கேயே மூடிவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இடங்களின் எண்ணிக்கையோடு ரேங்கை ஒப்பிடாதீர்கள். முந்தைய ஆண்டு இடம் பெற்ற கடைசி ஆளின் பிரிவு ரேங்கோடு ஒப்பிடுங்கள்.

கணக்கு போடும் முறை

சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்கக தேர்வுக் குழு ஒவ்வோர் ஆண்டும் தரவரிசைப் பட்டியலை வெளியிடுகிறது. ஒவ்வொருவரின் நீட் மதிப்பெண், பொது ரேங்க், பிரிவு, பிரிவு ரேங்க் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு சுற்று கவுன்சலிங் முடிந்ததும் யாருக்கு எந்தக் கல்லூரி ஒதுக்கப்பட்டது என்ற பட்டியலும் வரும். இந்த இரண்டு ஆவணங்களும் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு உங்களிடம் இருக்க வேண்டும். யூடியூபில் ஒருவர் சொல்லும் 'எதிர்பார்க்கப்படும் கட்-ஆஃப்' எதுவும் இதற்கு ஈடாகாது. அவரும் இதே பட்டியலைப் பார்த்துத்தான் சொல்கிறார்; உங்கள் பிரிவைப் பொறுமையாகப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

இந்த ஆண்டின் தமிழ்நாட்டுத் தரவரிசை வெளிவந்துவிட்டால் வேலை எளிது. உங்கள் பிரிவு ரேங்கை எடுத்து, சென்ற மூன்று ஆண்டுகளில் அரசுக் கல்லூரி இடம் உங்கள் பிரிவில் எந்த ரேங்க் வரை போனது என்று பாருங்கள். தரவரிசை வருவதற்கு முன்பே தெரிய வேண்டும் என்றால் ஒரு சுற்று வழி உண்டு. ஸ்கோர் கார்டில் உங்கள் அகில இந்திய ரேங்க் இருக்கும். சென்ற ஆண்டு ஏறத்தாழ அதே ரேங்க் வாங்கியவரின் மதிப்பெண் என்ன என்று கண்டுபிடியுங்கள். பள்ளியில் உங்களுக்கு மூத்த அண்ணன்கள், அக்காக்களின் ஸ்கோர் கார்டுகள் நாலைந்து இருந்தால் போதும். அந்த மதிப்பெண்ணைச் சென்ற ஆண்டின் தமிழ்நாட்டுத் தரவரிசையில் தேடுங்கள். அங்கே அதற்கு நேராக உங்கள் பிரிவில் என்ன ரேங்க் இருக்கிறதோ, அதுவே உங்கள் இன்றைய இடத்தின் தோராயம். இந்த முறையில் சில நூறு ரேங்க் முன்பின் ஆகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

கடைசி ரேங்கைப் பார்க்கும்போது ஒரு கவனம் வேண்டும். கடைசிச் சுற்றுகளில் திடீரென்று காலியாகும் ஓரிரு இடம் மிகவும் பின்னால் இருக்கும் ஒருவருக்குப் போகும். 'போன வருஷம் இந்த ரேங்க்குக்கும் கிடைச்சுது' என்று ஊரெல்லாம் பேசப்படும் ஆள் அவர்தான். அவரை அளவுகோலாக வைக்காதீர்கள். உங்கள் பிரிவில் கிட்டத்தட்ட எல்லா இடமும் நிரம்பிய ரேங்க் எது என்று பார்த்து அதைக் கோடாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டும் அந்தக் கோட்டுக்கு நன்றாக உள்ளே இருக்கிறீர்கள் என்றால் எந்தக் கல்லூரி என்பதை மட்டும் யோசிக்கலாம். ஓர் ஆண்டு உள்ளே, ஓர் ஆண்டு வெளியே என்று வந்தால் நீங்கள் விளிம்பில் இருக்கிறீர்கள். கடைசிச் சுற்று வரை காத்திருக்கும் மன தைரியமும் மாற்று ஏற்பாடும் இரண்டுமே வேண்டும். மூன்று ஆண்டும் வெளியே என்றால் அதை இப்போதே ஒப்புக்கொள்வது நல்லது.

இடங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 ஜனவரியில் விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி என 11 அரசுக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. 1,450 இடம் ஒரே மூச்சில் கூடியது. அதற்கு முந்தைய ஆண்டின் கோட்டை வைத்துக்கொண்டு நம்பிக்கையிழந்தவர்கள் பலருக்கு அந்த ஆண்டு இடம் கிடைத்தது. அப்படிப்பட்ட ஆண்டு அடிக்கடி வராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு

நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2020-இல் சட்டமான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, பழங்குடியினர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் வாய்ப்பு உண்டு. அரசு உதவிபெறும் பள்ளிகள் இதில் வராது. ஊரில் எல்லோரும் 'கவர்மென்ட் ஸ்கூல்' என்றே சொல்லிப் பழகிய ஓர் உதவிபெறும் பள்ளியில் ஏழாம் வகுப்பு மட்டும் படித்த பெண்ணுக்கு இந்த ஒதுக்கீடு கைநழுவிப்போகும் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. உங்கள் பள்ளி எந்த வகை என்று தலைமையாசிரியரிடம் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இந்த ஒதுக்கீட்டுக்குத் தனி தரவரிசை உண்டு. அரசு, தனியார் கல்லூரிகள் சேர்த்து ஏறத்தாழ 500 எம்.பி.பி.எஸ். இடங்கள். இங்கே கடைசி இடம் போகும் மதிப்பெண் பொது வரிசையைவிடப் பெரிதும் குறைவாக இருக்கும். அதனால் அரசுப் பள்ளி மாணவர் வேறு யாருடைய கட்-ஆஃபையும் பார்த்துத் தன்னைக் கழித்துக்கொள்ளக் கூடாது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் இந்த மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 'பிரைவேட்டா, நமக்கு எதுக்கு' என்று கவுன்சலிங் அரங்கிலேயே எழுந்து போய்விட வேண்டாம்.

அகில இந்திய 15 விழுக்காடு

இதற்கு மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு (எம்.சி.சி.) தனியாக கவுன்சலிங் நடத்துகிறது. எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இதில்தான். பொதுப் பிரிவும் ஓ.பி.சி. பிரிவும் அண்மை ஆண்டுகளில் முதல் சுற்றில் 20 ஆயிரத்தை ஒட்டிய அகில இந்திய ரேங்கில் முடிந்திருக்கின்றன. அடுத்த சுற்றுகளில் கொஞ்சம் நீளும். உங்கள் ரேங்க் அதற்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டு கவுன்சலிங்கிலும் கட்டாயம் பதிவு செய்யுங்கள்.

இங்கே பிரிவே மாறும் என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று தனித்தனியாக இருப்பவர்கள் மத்தியில் ஓ.பி.சி. என்ற ஒரே வரிசையில் வருவார்கள், அதுவும் கிரீமி லேயருக்குள் வராதவர்கள் மட்டும். மாநில ஒதுக்கீட்டுக்கு அப்பாவின் வருமானம் பார்ப்பதில்லை, மத்தியில் பார்ப்பார்கள். இதற்கு வேண்டியது தாசில்தார் கொடுக்கும் சாதாரண சாதிச் சான்றிதழ் அல்ல, மத்திய அரசுப் படிவத்தில் அந்த ஆண்டுக்குச் செல்லுபடியாகும் ஓ.பி.சி. சான்றிதழ். அதை வாங்க ஜூன் மாதத்தில் தாலுகா அலுவலகத்தில் போய் நிற்பவர்கள் கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். நீட் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் இன்ஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று அன்றே பார்த்துக்கொள்ளுங்கள். வெளிமாநிலத்தில் சில வகுப்புகள் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இருப்பிடச் சான்றிதழும் வேண்டும்.

பணமும் வாய்ப்பும்

அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கல்விக் கட்டணம் 18 ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்து வருகிறது. சுயநிதிக் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 விழுக்காட்டை, சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 விழுக்காட்டை, அரசு ஒதுக்கீட்டுக்குத் தர வேண்டும். அங்கே கட்டணம் ஆண்டுக்கு நாலரை லட்சத்தைத் தொடும். நிர்வாக ஒதுக்கீட்டில் 13 லட்சத்துக்கு மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் 20 லட்சத்தைத் தாண்டும். அதனால் 'கிடைக்குமா' என்ற கேள்விக்கு இரண்டு பதில் எழுதுங்கள்: அரசுக் கல்லூரியில் கிடைக்குமா, நம்மால் கட்ட முடிகிற இடத்தில் கிடைக்குமா. ஆண்டுக் கட்டணத்தை ஐந்தால் பெருக்கி, விடுதியும் உணவும் சேர்த்து, அந்தத் தொகையை வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி நோட்டில் எழுதுங்கள். நிலத்தை விற்பதா, நகையை வைப்பதா என்ற பேச்சு ஒதுக்கீட்டு ஆணை வந்த ராத்திரியில் தொடங்கக் கூடாது. அந்த நேரத்தில் யாரும் நிதானமாக யோசிப்பதில்லை.

சாய்ஸ் ஃபில்லிங்

கவுன்சலிங்கில் கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி பதிவு செய்யும் கட்டம் இது. இதில் பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய தவறு. "எம்.எம்.சி. (சென்னை மருத்துவக் கல்லூரி) எனக்குக் கிடைக்காது, அதைப் போட்டா சாய்ஸ் வேஸ்ட்" என்று நினைத்து, கிடைக்கும் என்று தோன்றும் கல்லூரியை முதலில் போட்டுவிடுகிறார்கள். மென்பொருள் மேலிருந்து கீழே வருகிறது. உங்கள் ரேங்க் வரும்போது பட்டியலில் எந்தக் கல்லூரி முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுக்கும். எட்டாத கல்லூரியை முதலில் போடுவதால் இழப்பு ஒன்றும் இல்லை. எட்டுகிற கல்லூரியை முதலில் போட்டால் அதைவிட நல்லது காலியாக இருந்தாலும் உங்களுக்கு வராது. சென்னை, ஸ்டான்லி, மதுரை, கோவை என்று உங்கள் ஆசைப்படியே வரிசைப்படுத்துங்கள்.

விளிம்பில் இருப்பவர்கள் பட்டியலை நீளமாகப் போட வேண்டும். 'புதுக் காலேஜ், வேண்டாம்' என்று ராமநாதபுரத்தையோ நாகப்பட்டினத்தையோ விட்டுவிட்டு, பிறகு சுயநிதிக் கல்லூரியில் பல லட்சம் கட்டிச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். என் கருத்தில், விளிம்பில் நிற்கும் ஒருவருக்கு எந்த அரசு மருத்துவக் கல்லூரியும் விட்டுவிடத் தக்கதல்ல. மாவட்டத் தலைமை மருத்துவமனையோடு இணைந்த கல்லூரியில் நோயாளிகளைப் பார்த்துக் கற்கும் வாய்ப்புக்குக் குறைவில்லை. எந்தச் சுற்றில் சேர்ந்தால் விலகலாம், எந்தச் சுற்றுக்குப் பிறகு விலகினால் பணமும் அடுத்த வாய்ப்பும் போகும் என்ற விதி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் அந்தப் பகுதியை அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஒருமுறை உரக்கப் படியுங்கள்.

இன்னொரு வருடம் எழுதலாமா?

நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2016-17-இல் தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை முயன்றவர்கள் 12.47 விழுக்காடு, 2020-21-இல் 71.42 விழுக்காடு. முதல் முறையிலேயே கிடைக்காத பிள்ளையிடம் "உன் கூட எழுதினவங்களுக்குக் கிடைச்சுதே" என்று சொல்லும் முன் பெற்றோர் இதைப் படிக்க வேண்டும். அவள் போட்டியிட்டது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் முறை எழுதியவர்களோடு.

ஆனால் எல்லோரும் மறுமுறை எழுதுகிறார்கள் என்பது நீங்களும் எழுத வேண்டும் என்பதற்குக் காரணமாகாது. ஓ.எம்.ஆர். நகலை எடுத்து வைத்து ஆன்சர் கீயோடு ஒவ்வொரு கேள்வியாகப் பாருங்கள். இப்படி உட்கார்ந்த ஒரு தாயும் மகளும் பேசிக்கொண்டது இது:

"மொத்தம் எத்தனை தப்பு பாப்பா?"

"நாப்பதும்மா. 130 சரி, பத்து விட்டுட்டேன். 480."

"அந்த நாப்பதுல தெரியாமப் போட்டது எத்தனை?"

"ஒரு இருபது இருக்கும். ஃபிசிக்ஸ்ல நேரம் பத்தல, கடைசில குத்துமதிப்பாப் போட்டேன்."

அந்த இருபதையும் விட்டிருந்தால் 500. அவற்றில் பத்தைப் படித்துச் சரியாகப் போட்டு, மற்றப் பத்தை விட்டிருந்தால் 540. இவளுக்கு மறுமுறை எழுதுவதில் பொருள் இருக்கிறது, ஏனென்றால் குறை எங்கே என்று விரல் வைத்துச் சொல்ல முடிகிறது, அதைச் சரிசெய்யவும் முடியும். 360 மதிப்பெண் கொண்ட உயிரியலில் தப்புகள் பரவலாக இருந்து, எல்லாம் பாடநூல் வரிகளிலேயே நழுவியிருந்தால் அதுவும் ஒரு வருடத்தில் தேறக்கூடியதே. சம மதிப்பெண் வந்தால் முதலில் பார்ப்பதும் உயிரியல் மதிப்பெண்ணைத்தான். மாறாக, பயிற்சித் தேர்வுகளில் இரண்டு ஆண்டாக ஒரே இடத்தில் நின்று, எங்கே குறை என்று சொல்லத் தெரியாமல், கோட்டிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஒருவரிடம் மூன்றாவது வருடத்தையும் கேட்பது நியாயமில்லை. அவர் விரும்பிக் கேட்டாலும், தேர்வுக்கு வெளியே ஒரு படிப்பில் சேர்ந்துகொண்டே எழுதட்டும். நீட் தேர்வுக்கு உச்ச வயது வரம்பு இல்லை.

முடிவு வரும் வாரத்தில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். சாப்பிடாமல், பேசாமல், போனை அணைத்துவிட்டு இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். தமிழ்நாடு அரசின் 104, மத்திய அரசின் 14416 ஆகிய இரண்டு எண்களிலும் மனநல ஆலோசகர்கள் கட்டணமில்லாமல் பேசுவார்கள். பெற்றோரும் அழைக்கலாம்.

மாற்று வழிகளின் விண்ணப்பத் தேதிகள் நீட் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. கால்நடை மருத்துவத்துக்கு மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணிலேயே கிடைக்கும். நர்சிங், பி.ஃபார்ம். போன்றவையும் அப்படியே, அவற்றில் பலவற்றை அதே தேர்வுக் குழுதான் நடத்துகிறது. பல் மருத்துவத்துக்கும், பாளையங்கோட்டை, சென்னை சித்த மருத்துவக் கல்லூரிகளுக்கும் நீட் தகுதி வேண்டும், ஆனால் ரேங்க் கோடு எம்.பி.பி.எஸ்.ஸைவிடப் பின்னால் இருக்கும். கோட்டுக்கு நன்றாக உள்ளே இருக்கிறோம் என்று கணக்கு சொன்னாலும் இவற்றில் குறைந்தது இரண்டுக்கு விண்ணப்பம் போட்டு, கட்டண ரசீதையும் பதிவு எண்ணையும் அதே நோட்டில் ஒட்டிவையுங்கள்.